காஞ்சிபுரத்துக்குக் கடல் வந்த நாள்

கண்ணுங்களா, தறி அறையில் என் வலது கைப் பக்கச் சுவரில் கரியால் "கடல்" என்று எழுதியிருக்கிறதே, அது ஏன் என்று ஆளுக்கொரு முறை கேட்டுவிட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் தறி நாடாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நேற்று பெரியவள், "நாடு, மாநிலம், மாவட்டம், தாலுகா, பிர்கா, கிராமம்" என்று பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மாவட்டத்தைப் பத்தி ஒங்கப்பாவைக் கேளும்மா. அவரு அதை நெய்ஞ்சவரு!"

இனி மறைத்துப் பயனில்லை.

படிப்பு குறைந்தவன் 'தெரியாது' என்று சொன்னால் தப்பித்துக்கொள்வான். 'தெரியும்' என்று சொன்னால்தான் மாட்டிக்கொள்வான். நான் அப்படிச் சொல்லக்கூட இல்லை. எனக்காக என் பெரியப்பா சொல்லிவிட்டார்.

உங்கள் பாடத்தில் இருப்பதெல்லாம் சரிதான். பல மாநிலங்கள் சேர்ந்தது நம் நாடு. டில்லியில் ஒரு சர்க்கார், மெட்ராஸில் ஒரு சர்க்கார். மாவட்டத்தை வகுப்பதும், அதற்கு எந்த ஊர் தலைநகர் என்று வைப்பதும் மாநில சர்க்காரின் வேலை. மாவட்டத்துக்குக் கலெக்டர், தாலுகாவுக்குத் தாசில்தார், பிர்காவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கிராமத்துக்கு மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும். (சேலையை மடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னொரு மடிப்பு.)

பாடத்தில் இல்லாதது நம் மாவட்டத்தின் குணம். அதன் பெயர் செங்கல்பட்டு. ஆனால் கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ சைதாப்பேட்டையில். மெட்ராஸ் நகரம் தனி மாவட்டம். அது கடலோரமாக நம் மாவட்டத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு, 'நான் வேற வீடு' என்று சொல்லும். பிறகு ஒருநாள் கலெக்டர் ஆபீஸை மூட்டை கட்டி நம் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆபீஸ் வந்தது. பெயர் மட்டும் செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டது. நம் ஊரில் ஒரே கொண்டாட்டம். செங்கல்பட்டுக்காரர்கள் மட்டும் பந்தியில் இலை போட்டுச் சோறு போடாமல் விட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா என்னைச் செங்கல்பட்டுக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்.

பெண்ணின் அப்பாவும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் படித்து, பூகோள வாத்தியாராகிவிட்டார். காபி ஆறுவதற்குள் கேட்டார்:

"பையன் என்ன படிச்சிருக்கான்?"

"எட்டாவது," என்றேன்.

"எம்பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி."

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் காபியை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெரியப்பாவுக்கு மௌனம் ஆகாது.

"படிப்பு கெடக்குது வாத்தியாரே! புதுக் கலெக்டரு எங்க தெருவுக்கு வராரு. அவருக்குப் பொன்னாடையாப் போட்டு மரியாதை பண்ண, இந்த மாவட்டத்தையே பட்டுல நெய்யறான் நம்ம பையன். தாலுகா தாலுகாவா அவன் கைல இருக்குது!"

(என் கையில் அப்போது பஜ்ஜிதான் இருந்தது. இந்தச் செய்தியை நானே அங்கேதான் முதலில் கேட்டேன்.)

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஓஹோ! பேரு எங்க ஊரு. கலெக்டரு ஒங்க ஊரு. இப்ப மேப்பும் நீங்களே போடுறீங்களா? போடட்டும். நானும் குடும்பத்தோட வந்து பாக்கறேன். மேப்பு சரியா இருந்தா அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம். தப்பா இருந்துச்சுன்னா, காபியோட சரி."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. ஒரே ஒரு கண்தான். ஆனால் அந்த ஒன்றுக்காக நான் இந்தியா முழுவதையும் நெய்யத் தயாராகிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, "பெரியப்பா, இது எப்ப முடிவாச்சு?" என்று கேட்டேன்.

"இப்பதான்பா," என்றார் அவர், வேர்க்கடலையை உரித்துக்கொண்டே.

பள்ளிக்கூடத்து மேப்பைக் கேட்டு வாங்கி, பெரிய தாளில் வரைந்து, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளுக்கு அடியில் கட்டிக்கொண்டேன். அரக்கு நிறப் பட்டில் தாலுகா எல்லைகளைத் தங்க ஜரிகையில் போட்டேன். வடக்கே பொன்னேரி, வடமேற்குக் கோடியில் ஆந்திராவோடு இழுபறி தீர்ந்து நம்மிடம் வந்து சேர்ந்த திருத்தணி, தெற்கே மதுராந்தகம். பாலாறு வெள்ளி ஜரிகை. கிழக்கே கடல் நீலப்பட்டு. என் அம்மா பிறந்த ஊர் என்பதால் தென்னேரி ஏரியையும் சேர்த்தேன். (பாசம் கொஞ்சம் கூடிப்போய், ஏரி ஒரு தாலுகா அளவுக்கு வந்துவிட்டது.) எழுத்து நெய்ய எனக்குக் கை வராது, அதனால் எங்கும் ஒரு பெயர்கூடக் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஜரிகைப் பூ போடும்போது துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும். என் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம்தான். நல்ல பக்கம் எப்படி விழுகிறது என்று பார்க்க, தாளை ஒதுக்கிவிட்டுத் தறிக்கு அடியில் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்ப்பேன். அப்படித்தான் தினமும் பார்த்தேன். மேலே பார்த்தாலும் மேப்பு சரி. கண்ணாடியில் பார்த்தாலும் மேப்பு சரி. எனக்கு ஏற்பட்ட கர்வத்தில், கலெக்டரே வந்து என்னிடம் வழி கேட்பார் என்று தோன்றியது.

கலெக்டருக்கு வரவேற்பு விழா அன்று காலையில்தான் துணியை அறுத்து எடுத்தோம். ஜரிகை கறுக்காமல் இருக்க நல்ல பக்கம் உள்ளே போகும்படி மடிப்பதுதான் வழக்கம். பெரியப்பா அப்படியே மடித்துத் தாம்பாளத்தில் வைத்து மேலே பூவும் வைத்துவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் இடம் போதவில்லை. பெண்களுக்கு மேடைக்குப் பின்னால் பாய் விரித்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் வாத்தியார், கையைக் கட்டிக்கொண்டு. மேடையில் கலெக்டர். மாலை போட்டாயிற்று. பெரியப்பா மைக்கைப் பிடித்து, "மாவட்டத்தை ஆளவந்தவருக்கு எங்க தெருவு குடுக்கற மாவட்டம்!" என்று முழங்க, இரண்டு பேர் மேடையில் கலெக்டர் நாற்காலிக்குப் பின்னால் துணியைப் பிரித்துக் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள்.

தங்கம் மின்னியது. கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வாத்தியார் எழுந்து நின்றார்.

"தம்பி, கடல் எங்கப்பா?"

மேடைக்குக் கீழே கூட்டத்தோடு நின்றிருந்த நான் வலது பக்கம் கையை நீட்டினேன். அங்கே கடல் இல்லை. கடல் இடது பக்கம், வேலூர்க்காரர்கள் இருக்க வேண்டிய இடத்தில், நீலமாக ஜொலித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாளில் இருந்ததைப் பார்த்து நான் பின்பக்கத்தில் போட்டால், நல்ல பக்கத்தில் அது இடம் வலமாகத்தான் விழும். அதைக் கண்ணாடியில் பார்த்தால், கண்ணாடி இன்னொரு முறை திருப்பிச் சரியாகக் காட்டிவிடும். மாங்காயும் அன்னப்பட்சியும் போட்டுப் பழகின கை. அன்னம் இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று இருந்தவனுக்கு, கடல் அன்னப்பட்சி இல்லை என்பது தோன்றவில்லை.

"பாலாறு எங்க போய் விழுது?" என்றார் வாத்தியார்.

"வேலூர்ல விழுது சார்!" என்று பின்னாலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

"அடேய், நம்ம காஞ்சிபுரத்தைப் பாரு, கடலோரமா வந்துட்டுது!"

"நல்லதாப் போச்சுபா. இனிமே மீன் சல்லிசா கெடைக்கும்!"

"மகாபலிபுரத்துக்காரன் கட்டுமரத்தை வித்துட்டு ஏர் வாங்கிக்க வேண்டியதுதான்!"

மண்டபமே குலுங்கியது. பெரியப்பா மைக்கை அணைக்க மறந்து, "கெடுத்தியே படவா!" என்றது வாலாஜாபாத் வரைக்கும் கேட்டிருக்கும். வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், காபியோடு சரி என்று நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது:

"நைனா! இந்தாண்ட வந்து பாருங்க. கடலு சரியாத்தான் இருக்குது!"

துணியின் பின்பக்கம்தானே பெண்களுக்குத் தெரிந்தது! நூல் பிசிறு தொங்கிக்கொண்டிருந்தாலும் அங்கே மாவட்டம் மாவட்டமாகவே இருந்தது. வாத்தியார் நகரவில்லை. முதலில் எழுந்தவர் கலெக்டர். நேராகப் பின்பக்கம் போனார். தாசில்தார் அவர் பின்னால் ஓடினார், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தாசில்தார் பின்னால், மணியக்காரர்கள் அவர் பின்னால். (நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.) கடைசியில் மண்டபமே எழுந்து பின்பக்கம் போய்விட்டது. துணியைப் பிடித்திருந்த இரண்டு பேர் மட்டும் காலி நாற்காலிகளுக்கு மேப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கலெக்டர் நிதானமாகப் பார்த்தார். "சார், மாவட்டம் சரியாத்தான் இருக்கு. நாமதான் தப்பான பக்கம் உக்காந்துட்டோம்," என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "அது என்ன, இவ்ளோ பெரிய ஏரி?" என்றார்.

"தென்னேரிங்க. எங்கம்மா ஊரு," என்றேன்.

வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். மேப்புக்கு முன்னால் என்னை நிறுத்தி, வடக்கிலிருந்து தெற்கே தாலுகாக்களை ஒப்பிக்கச் சொன்னார். இத்தனை நாள் இழை இழையாகப் போட்டவனுக்கு அது மறக்குமா? ஒன்றுவிடாமல் சொன்னேன். "எட்டாவதுக்கு இது போதும்," என்றவர், மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பூலம் அங்கேயே மாற்றினார்கள்.

'இது உங்க தெருவுலயே இருக்கட்டும்' என்று கலெக்டர் விட்டுப்போன அந்தத் துணி இன்றும் நம் தெருவின் நெசவாளர் சங்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஜரிகை மின்னும் பக்கம் சுவரைப் பார்க்கிறது. நூல் பிசிறு நம்மைப் பார்க்கிறது. யாராவது என்னிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டால், உங்கள் அம்மா இன்னமும் குறுக்கே வந்து, "அவரு காட்டற பக்கம் போகாதீங்க, எதிர்ப்பக்கம் போங்க!" என்கிறாளே, அது இதனால்தான். வீட்டில் எது தொலைந்தாலும், "வேலூர்ல போய்த் தேடுங்க" என்று நீங்கள் எல்லாரும் சொல்வதும் இங்கிருந்து வந்ததுதான்.

சுவரில் அந்த எழுத்தைப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தபின் மறுபடி எழுதுவது உங்கள் அம்மா. முதலில் எழுதியது நான். விழா முடிந்து, செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் கையசைத்துவிட்டு, நான் மட்டும் தறி அறைக்கு வந்தேன். வெறும் தறி. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தேன். காலையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்தது என்று நன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். இருந்தாலும் சந்தேகம். தெருவில் இறங்கி, சூரியன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, அதற்கு எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தாக எழுதினேன்: கடல்.