சமையலறைத் தூணும் மியூரியலும்

ஹெரஃபோர்ட்ஷயர்,
அக்டோபர் 14, 1995

அன்புள்ள தம்பி ஹூபர்ட்டுக்கு,

அண்ணன் செட்ரிக் எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். உன் முட்டிவலியின் நலத்தை அறிய ஆவல். மியூரியலின் நலத்தை அவள் அக்கா வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். அவள் கோபித்துக்கொண்டு போய் இருபது நாளாகிறது.

எல்லாம் அந்தத் தூணால் வந்தது. 1983 கோடையில் வீட்டை எனக்கு விற்றபோது, "நானூறு வருஷத்து ஓக் மரம்ண்ணே, வீடே இதுமேலதான் நிக்குது" என்று தட்டிக் காட்டினாயே, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில், அதேதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறித் தட்டோடு திரும்பியவள் அதில் நெற்றியை முட்டிக்கொண்டாள், மூன்றாவது முறையாக. கறி பூனைக்குப் போனது. "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிப் பெட்டியை எடுத்துவிட்டாள். நம்முடையது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு, ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பதால் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டேன். மிஸ் டார்பிஷயர் என்ற அதிகாரி வந்தார். வரும்போதே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, அதற்கும் சந்தோஷப்பட்டார். தரை சரிந்திருக்கிறது என்றேன், "அற்புதம்" என்றார். மாடிக் கட்டில் தானாக ஜன்னல் பக்கம் நகர்கிறது என்றேன், குறித்துக்கொண்டார். கடைசியில் தூணிலிருந்த மரமுளைத் துளைகளைத் தடவிப் பார்த்து, "இந்த வீட்டுலயே நேரா நிக்கிறது இது ஒண்ணுதாங்க. தொட்டீங்க, கோர்ட்டுலதான் நிப்பீங்க" என்றார்.

"அப்ப என் பொண்டாட்டி?"

"அவங்க பட்டியல்ல இல்லையே."

ஆகவே தம்பி, சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று நீதான் மியூரியலுக்கு எழுத வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. டப்பா பீன்ஸைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

உனக்கும் டோரதிக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் ஒழுகாத கூரையும் அருளட்டும்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்
செட்ரிக் பென்ஃபோல்ட்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்யாதே. மிஸ் டார்பிஷயர் படம் எடுக்க வருகிறாரே என்று இன்று தூணின் அடியைத் துடைத்தேன். ஆப்பாகச் செருகியிருந்த செய்தித்தாள் ஒன்று கையோடு வந்தது. மே 1983. பாதி போட்ட குறுக்கெழுத்து, உன் கையெழுத்து, ஏழு விடை தப்பு. தாளை உருவியதும் தூண் ஆடியது, மேலே உத்தரம் அசையவே இல்லை. மிஸ் டார்பிஷயர் வந்து அந்தக் குறுக்கெழுத்தை வெகுநேரம் பார்த்தார். "எங்கயோ இடிச்ச கொட்டாய் மரங்க இது. கழட்டிடுங்க" என்றார். தூண் இப்போது தோட்டத்தில் கிடக்கிறது. மியூரியலுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறாள். உன் தூணை வந்து எடுத்துக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை வந்தால் நான் மட்டும் இருப்பேன்.