எந்தக் குழாயை எப்படித் தட்டுவது

ஒற்றை நொதிக்காரர் என்றொரு இனம் உண்டு. பல்கலைக்கழக வராந்தாக்களில், கனிந்துபோன பழத்தின் வாசனை வீசும் ஈ வளர்ப்பு அறைகளை ஒட்டி இவரைக் காணலாம். பழ ஈக்கும் நம்மைப் போலவே தூக்கம் கெடுகிறது, நோய் வருகிறது, சீக்கிரமே கிழடு தட்டுகிறது. ஆகவே மனிதனைத் தெரிந்துகொள்ள ஈயைக் கேட்டால் போதும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதில் தப்பில்லை. ஈயைக்கூடக் கேட்க வேண்டாம், என்னைக் கேட்டால் போதும் என்பது இவருடைய நம்பிக்கை. தொல்லை அங்கேதான்.

இவர் காலமெல்லாம் ஆராயும் அந்த ஒரே நொதி, செல்லுக்குள் கால்சியம் ஏறியதும் விழித்துக்கொண்டு சில புரதங்களை நறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இவர் விடுவாரா? மனைவிக்கு முழங்கால் வலித்தால் நொதி, மச்சினன் மறதியாகக் குடையை மாற்றி எடுத்துப் போனால் நொதி, இவர் பேசும் கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் அதற்கும் நொதி. "இவருக்குக் கோபம் வந்தா மட்டும் அது என் தப்பு" என்பார் மனைவி.

இப்படிப்பட்ட ஒருவரிடம் ஒரு மாணவி மாட்டினாள். நொதி இல்லாத ஈக்களை வளர்த்து, அவை தெம்பில்லாமல் தவிப்பதை அவள் நிரூபிக்க வேண்டும். சோதனை எளிது. குழாயைத் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். தெம்புள்ளவை விறுவிறுவென்று மேலே ஏறும். நொதி உள்ளவை ஏறின. இல்லாதவையும் ஏறின. வருஷக்கணக்காகத் தட்டியதில் அவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதினாள். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. அவளுக்காகக் காத்திருந்த வேலையும் கிடையாது.

"உனக்குத் தட்டத் தெரியலம்மா" என்று அவரே தட்டிக் காட்டினார். நொதி உள்ள குழாயை, குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டுவதுபோல. இல்லாததை, மேசை அதிர. பாவம், அந்த ஈக்கள் அடியில் தீனியாக வைத்திருந்த மாவுக்கூழில் போய் ஒட்டிக்கொண்டன. "பாத்தியா, ஏறல" என்றார், வாயெல்லாம் பல்லாக. அவர் ஏமாற்றவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தன் கை செய்ததை அவர் சத்தியமாகவே பார்க்கவில்லை.

அவள் முறையிட்டதில், மறுநாள் துறையின் மூத்தவர்கள் முன்னால் விசாரணை. மாணவி இரண்டு குழாய்களின் பெயர்ச்சீட்டுகள் மீதும் கறுப்பு நாடா ஒட்டி, இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, அவர் பக்கம் நகர்த்தினாள். நீங்களே தட்டுங்கள் என்றாள்.

அவர் ஒன்றை எடுத்துக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது எதுன்னு தெரியாம எப்படிம்மா தட்டறது?"

யாரும் சிரிக்கவில்லை. தலைமை வகித்தவர் ஆய்வேட்டை அவர் முன்னால் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஈ வளர்க்காதவர் என்ற தைரியம். இன்று உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் வேலை முடிய நேரமாகிவிட்டது. மகள் என்றால் "பாவம், என்ன அலைச்சலோ" என்பீர்கள். மருமகள் என்றால் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். இதோ, அழைப்பு மணி அடிக்கிறது. வந்திருப்பது யார் என்று தெரியாது. போய்த் திறங்கள் பார்ப்போம், எந்த முகத்தோடு திறக்கப் போகிறீர்கள்?