நாலு மில்லிமீட்டர் நல்ல பிள்ளை

சியோல், மே மாதக் கடைசி, 2014

மொக்போவில் இருக்கும் அன்புள்ள யோங்நே அக்காவுக்கு, தங்கை சுன்தொக் தலை தாழ்த்தி எழுதுவது. கடற்காற்றில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தான் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியாயிற்றா? இங்கே எல்லாரும் சுகம். இதை நீ நம்பமாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், மீன் வாங்க வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பெற்றோர் தினத்துக்கு என் மகன் கிச்சோலும் மருமகள் ஹேரினும் வழக்கமான சிவப்புப் பூவோடு ஒரு கவரையும் கொடுத்தார்கள். உள்ளே முழு உடல் பரிசோதனைச் சீட்டு. பக்கத்துக் கடைக்காரிக்கு அவள் பிள்ளைகள் மசாஜ் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள், எனக்கு என் பிள்ளைகள் புற்றுநோய் வாங்கிக் கொடுத்தார்கள். வயிறு சுத்தம், ஈரல் சுத்தம் என்று சொல்லிவிட்டார்களே, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வாசலில் ஒரு வெள்ளை கோட்டுப் பெண், "வந்ததே வந்தீங்க, கழுத்தையும் ஒரு ஸ்கேன் பாத்துடலாமேம்மா, ஒரு நிமிஷ வேலைதான்" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் தைராய்டில் பச்சைப்பயறு அளவுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. நாலு மில்லிமீட்டர். அதில் ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்து, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு நம் கிச்சோலைவிடச் சின்ன வயது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கவலையே படாதீங்கம்மா. இது நல்ல புற்று. ஆமை மாதிரி மெதுவாத்தான் போகும்." சொன்னபடி கேட்கிற குழந்தையை நாம் எந்தச் சொல்லால் கொஞ்சுவோமோ, அதே சொல் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல பிள்ளைன்னா அதை எதுக்கு டாக்டர் கழுத்தறுத்து வெளிய தள்ளணும்?" என்றேன். "இருந்தாலும் புற்று புற்றுதானேம்மா. அறுவைக்கு அடுத்த வாரமே இடம் இருக்கு." "ஆமைக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியலறைக்குப் போனேன். துணி இல்லாத இடத்தில்தானே எல்லாம் தெரியும்? வெந்நீர்த் தொட்டியில் என்னோடு பதினொரு பேர். அதில் நாலு பேர் கழுத்தில் மெல்லிய தழும்புக் கோடு. எனக்கும் வந்திருக்கிறது என்றதும், ஏதோ சங்கத்தில் புது உறுப்பினர் சேர்ந்த மாதிரி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "எங்க அபார்ட்மென்ட்ல ஏழாம் மாடி மொத்தமும் எடுத்தாச்சு" என்றாள் ஒருத்தி. குழாய்த் தண்ணீரா, கிம்ச்சி ஊறுகாயா, செல்போனா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் கேட்டேன்: "சரி, இதால செத்தவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷமாக அங்கே முதுகு தேய்க்கிற அம்மாள்தான் கையுறையை உதறிக்கொண்டு சொன்னாள்: "சாவு ஒண்ணும் கூடலையே. தேடிப் போனவங்களுக்கெல்லாம் கிடைச்சுது, அவ்வளவுதான்." பத்திரிகையிலும் சில டாக்டர்கள் இதையேதான் சொல்கிறார்களாம். இந்த ஊரில் வண்டி நிறுத்த இடம் தேடினால் கிடைப்பதில்லை, கழுத்தில் தேடினால் மட்டும் உடனே கிடைக்கிறது!

"நானும் எடுத்தேன், உயிரோடுதானே இருக்கேன்" என்பாய். இருக்கிறாய், நூறு வயது இருக்க வேண்டும். ஆனால் கிச்சோல் கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டபோது தொண்டையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தாயே, அன்று நான் கழிவறையில் போய் அழுதேன் என்பது உனக்குத் தெரியாது. அறுவைக்குப் பிறகு எல்லாருக்கும் குரல் அப்படி ஆவதில்லையாம். எனக்கு ஆனால்? "கானாங்கெளுத்தி! இப்ப வந்த கானாங்கெளுத்தி!" என்று சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல் இது. இதை வைத்துத்தான் நான் நான். பயமில்லையா என்கிறாய். இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது கழுத்தைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதற்காகப் பயம் சொன்னபடியெல்லாம் ஆட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும், வளர்ந்தால் பேசிக்கொள்ளலாம். அதுவரை என் கழுத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. கிச்சோல் அப்பாகூட, அவர்தான் தான் ஓட்டுகிற டாக்சியில் ஏறினவர்களிடமே வாய் திறக்காத ஆளாயிற்றே, "உன் கழுத்து, உன் இஷ்டம்" என்று முழுதாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. வெயிலில் தொப்பி இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே. எனக்காக அழுவதை இன்றோடு நிறுத்து.

இப்படிக்கு,
உன் அடங்காத தங்கை
சுன்தொக்

பி.கு.: தபாலில் சேர்க்காமல் இது பத்து நாள் மேஜையிலேயே கிடந்தது, அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. ஹேரின் நச்சரித்து மாமனாரையும் அதே பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். அவர் கழுத்திலும் இருக்கிறது, அதுவும் மூன்றே மில்லிமீட்டர். நான் அங்கேயே அந்தச் சின்னப் பையன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, வரும் செவ்வாய்க்கிழமை அறுவைக்கு அவர் பெயரை எழுத வைத்துவிட்டேன். அவர் அசைய மறுக்கிறார். மேஜையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, "நீதானே எழுதியிருக்க" என்று எனக்கே வரி வரியாகப் படித்துக் காட்டுகிறார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேலே எழுதியது எல்லாம் என் கழுத்துக்கு மட்டும் என்று சொன்னால் சிரிக்கிறார் அக்கா. முதல் ரயிலைப் பிடித்து வா. உன் கழுத்தைக் காட்டி, வலிக்காது என்று சொல்லு. எனக்கு அந்த மனுஷன் வேண்டும்.