புருஷோத்தமன் வைத்த இந்திப் பாட்டு

ஜெயசுதா தானாக மலையை விட்டு இறங்கி வரும்வரை அவளை 'வா' என்று கூப்பிடுவதில்லை என்று புருஷோத்தமன் சபதம் எடுத்தபோது, அவள் மலையேறி ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது.

சந்தவாசலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் புருஷோத்தமன். நாலு குழாய் ஸ்பீக்கர், எட்டு பாக்ஸ், ஒரு ஜெனரேட்டர், இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போக ஒரு குட்டியானை வண்டி. சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் காது குத்தினாலும் ஊர்க்காதைக் குத்துவது அவர் வேலை. பேரிலேயே புருஷனும் இருக்கிறான், உத்தமனும் இருக்கிறான். இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டில் பார்த்ததில்லை என்பாள் அவர் மனைவி ஜெயசுதா.

மகளிர் குழுவில் பத்து வருஷம் நோட்டு எழுதியவள் ஜெயசுதா. ஜவ்வாது மலையில் மேல்நாவலூர் என்ற ஊரில் சாமை, தினை உடைத்துப் பாக்கெட் போட ஒரு கூடம் புதிதாக வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுப்புக் காலம் முடியும்வரை அங்கேயே தங்க வேண்டும். மகள் கவியா வேலூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஆக வீட்டில் விட்டுப் போவதற்கு ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. அது புருஷோத்தமன்.

போகட்டுமா என்று அவள் கேட்ட அன்று அவர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சிரித்தார்.

"நீயா? ரெண்டு நாள் தாங்க மாட்ட. மூணாவது நாள் மொத பஸ்ல எறங்கிடுவ."

ஜெயசுதா அந்தச் சிரிப்பை மனசில் குறித்துக்கொண்டாள். பையை எடுத்தாள், போய்விட்டாள்.

மூன்றாவது நாள் காலையில் புருஷோத்தமன் போளூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். யாராவது கேட்டால் சொல்ல, வயர் வாங்க வந்ததாக ஒரு காரணம் கையில் இருந்தது. மலை பஸ் வந்தது. சீத்தாப்பழம் இறங்கியது, தேன் கேன் இறங்கியது, ஒரு ஆடு இறங்கியது. ஜெயசுதா இறங்கவில்லை. நாலாவது நாளும் வயர் வாங்கினார். ஐந்தாவது நாளும் வாங்கினார். ஒரு வாரத்தில் வாங்கிய வயரை இழுத்துக் கட்டியிருந்தால் மலை உச்சிக்கே கனெக்‌ஷன் கொடுத்திருக்கலாம்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. டி.வி.யைப் போட்டார், நிறுத்தினார். பிரிட்ஜைத் திறந்தார், உள்ளே பார்த்தார், அதுவும் இவரைப் பார்த்தது, மூடினார். வேலையாவது பார்க்கலாம் என்று மைக்கை எடுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ" என்றார். டூ என்றதும் மைக்கை அணைத்தார். வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

மலையில் தண்ணீர் டேங்க் பக்கம் நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து ஜெயசுதா போன் செய்வாள். சாப்பிட்டீர்களா, கேஸை மூடினீர்களா, கவியா பேசினாளா என்று மூன்று கேள்வி கேட்பாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இவர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்வார். நீ இல்லாமல் முடியவில்லை என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து, வெளியே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விடும். கூப்பிட்டால் தோற்றதாக ஆகுமே. ரெண்டு நாள் தாங்காதவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

பதினோராவது நாள் போளூரில் ஒரு சேட்டு வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினார். அவர்கள் கொடுத்த பென்டிரைவில் ஒரு இந்திப் பாட்டு வந்தது. ஏதோ படப்பாட்டு. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு மூலையிலிருந்து பாடுகிறார்கள். 'இந்த ஜார், இந்த ஜார்' என்று இரண்டு பேரும் உருகுகிறார்கள். மிக்ஸி ஜாருக்கா இவ்வளவு அழுகை என்று புருஷோத்தமன் முதலில் நினைத்தார். இரண்டாவது சரணத்தில் அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஜெனரேட்டர் புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஜெனரேட்டர் அப்போது ஓடவில்லை.

பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு தேவராஜிடம் போனார். தேவராஜ் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து வந்தவர். கண்ணை மூடி ஒரு தடவை கேட்டார்.

"ஜார் இல்லப்பா, இந்தஜார். காத்திருக்கறதுன்னு அர்த்தம். பிரிஞ்சவங்க பாட்டு. அவன் ஒரு ஊரு, அவ ஒரு ஊரு. எப்ப சேருவோம்னு ஏங்கறாங்க."

கடைசிச் சரணத்துக்கு அர்த்தம் கேட்டபோது, அங்கே வேகமாகப் பாடுகிறார்கள், மெதுவாகப் பாடினால்தான் தனக்குப் பிடிபடும் என்று தேவராஜ் சொல்லிவிட்டார். புருஷோத்தமனுக்கு அது போதும். ஏனென்றால் திட்டம் அதற்குள் முழுசாக வந்துவிட்டது. தமிழ்ப் பாட்டு வைத்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும். கெஞ்சினது போலவும் இருக்க வேண்டும், கெஞ்சவில்லை என்று சாதிக்கவும் வழி இருக்க வேண்டும். அதற்கு இந்திதான் சரி. அர்த்தம் தெரியாது, ஆனால் ராகம் போய் நெஞ்சைப் பிசையும். அவள் இறங்கி வருவாள். ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியாது. ஆம்பளையின் மானமும் ஆம்ப்ளிஃபையரின் மானமும் ஒன்றாகத் தப்பிக்கும்.

அன்றே பாட்டைப் போனில் ஸ்டேட்டஸாக வைத்தார். ஜெயசுதா பார்த்தாள். பார்த்ததாகக் காட்டியது, அவ்வளவுதான். மறுநாளும் வைத்தார், பார்த்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. பாட்டுக்குக் கீழே யார் யார் பார்த்தார்கள் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்ததில் அவர் கட்டைவிரல் வீங்கியது. எட்டாம் நாள் சாயங்காலம் நாலாவதாக ஒரு கேள்வி வந்தது.

"இன்னாங்க, தெனமும் ஒரே பாட்ட வெக்கறீங்க?"

"அதுவா, புது ஸ்பீக்கருக்கு டெஸ்டிங்."

"அப்படியா. வர்ற வியாழக்கெழம இங்க தெறப்பு விழா. மைக் செட் வேணும். நீங்க வர்றீங்களா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

வேற ஆள் என்றதும் புருஷோத்தமனுக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடி அது சந்தோஷமாக மாறியது. ஸ்டேட்டஸில் சின்னக் குரலில் கேட்டே விசாரிக்கிறாள் என்றால், நாலு குழாய் ஸ்பீக்கரில் மலை முழுக்கக் கேட்டால் என்ன ஆவாள்? மூட்டை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவாள். தானே வருவதாக, வேண்டாத வேலை போன்ற குரலில் சொன்னார். வியாழக்கிழமைக்குள் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை மூன்று தடவை துடைத்தார். அவளுடைய பை வைக்க இடம் ஒதுக்கினார். போளூரில் நாலு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்தார்.

மேல்நாவலூரில் குளிர் எலும்பில் இறங்கியது. வண்டி நின்றதும் ஜெயசுதா வந்தாள். மூன்று வாரத்தில் கொஞ்சம் கறுத்திருந்தாள். முகத்தில் சாமைத் தவிடு ஒட்டியிருந்தது. நாற்பது பெண்கள் அவளை 'சுதாக்கா, சுதாக்கா' என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். அவள் ஒரு பக்கம் கணக்கைக் கேட்டாள், ஒரு பக்கம் மிஷினைப் பார்த்தாள், இன்னொரு பக்கம் இவரை எந்த மரத்தில் ஸ்பீக்கர் கட்டுவது என்று காட்டினாள். புருஷோத்தமனுக்குத் தான் சிரித்த அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பலாமரத்தில் ஏறிக் குழாய்களை நாலு திசைக்கும் திருப்பிக் கட்டினார்.

அதிகாரிகள் ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், சாப்பிடப் போனார்கள். பெண்கள் மட்டும் கூடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இதுதான் நேரம். புருஷோத்தமன் பாட்டைப் போட்டார். பாட்டு எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அவன் ஒரு தடவை ஏங்கினால் மலை இரண்டு தடவை ஏங்கியது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். ஜெயசுதா அசையாமல் நின்று கடைசிவரை கேட்டாள். புருஷோத்தமனின் கை வண்டிச் சாவியைத் தடவியது.

பாட்டு முடிந்ததும் ஜெயசுதா மைக்கை வாங்கினாள். அவர் எதிர்பார்த்தது அழுகையை. வந்தது அறிவிப்பு. பாட்டு ரொம்ப நன்றாக இருந்ததாகவும், தன் வீட்டுக்காரர் ஒரு வாரமாக இதைத்தான் வைக்கிறார் என்றும், அர்த்தம் தெரிந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றும் சொன்னாள். மிஷின் ஓட்டப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் கீதாஞ்சலி மேடம் டெல்லிவரைக்கும் போய் வந்தவர், அவரே சொல்லட்டும் என்றாள்.

மூக்குக்கண்ணாடி போட்ட அந்தப் பெண் மைக் முன்னால் வந்தாள். கையில் ஒரு நோட்டு இருந்தது. சொன்னாள்.

"நீ இல்லாத வூடு எனக்கு வூடே இல்ல. உன்ன நான் ஏளனமா பேசினது தப்பு. எம் மனசு ஒரு எடத்துல நிக்கல. உன்ன வான்னு கூப்பிட எனக்கு மொகம் இல்ல. அதனால நீ இருக்கற மலைக்கே நான் வந்துடறேன். உன் மூட்டைய நான் சொமக்கறேன். உன் பாதையில நான் வண்டி ஓட்டறேன்."

கடைசி வரியைக் கேட்டுப் புருஷோத்தமன் திகைத்தார். இந்திப் பாட்டில் மலை இருக்கலாம், வண்டி எங்கிருந்து வந்தது? தேவராஜுக்குப் பிடிபடாத அந்த வேகமான சரணத்தில் இதெல்லாம் இருந்திருக்கிறது போல. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஜெயசுதா மைக்கைத் திரும்ப வாங்கிவிட்டாள்.

"இது எனக்காக வெச்ச பாட்டுதானேங்க?"

நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்றால் யாருக்கு என்று கேட்பார்கள். டெஸ்டிங் என்று சொல்ல வாய் எடுத்தார், ஆனால் ஜெயசுதாவின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கேலி இருந்தது உண்மை. கேலிக்குப் பின்னால் வேறு ஏதோ காத்திருந்ததும் உண்மை.

"ஆமா," என்றார். நாலு குழாய் ஸ்பீக்கரும் அதை நாலு திசைக்கும் சொல்லின. எதிர்மலையும் ஒரு தடவை ஆமா என்றது.

பெண்கள் கை தட்டினார்கள். குழுத் தலைவி மணியம்மாள் எழுந்து, இந்த மலையில் பஸ் வருவதே அபூர்வம், குக்கிராமங்களிலிருந்து சாமை மூட்டைகளைத் தலையில் சுமந்து வந்து கழுத்து நோகிறது, கடவுளே அனுப்பியதுபோலத் தம்பி வண்டியோடு வந்திருக்கிறார் என்றாள். நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு முதல் லோடு என்றும் அவளே முடித்துவிட்டாள்.

சாயங்காலம் ஜெயசுதா அவருக்குச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். வாடிப்போன மல்லிகையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாயே என்று புருஷோத்தமன் முனகினார்.

"இருபத்தி ரெண்டு வருசத்துல நான் இல்லாம முடியலன்னு உங்க வாயால ஒரு தபா வரல. இந்தியிலயாவது வந்துதே," என்றாள் அவள்.

அதற்கு அவர் தட்டை நீட்டி, தமிழிலேயே இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

சபதத்தின்படி அவர் அவளை 'வா' என்று கூப்பிடவில்லை. அந்த வகையில் ஜெயித்தது தான்தான் என்று மூட்டை ஏற்றும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகூர்த்த நாளில் கீழே இறங்கி மைக் செட் கட்டினார், மற்ற நாளில் மலையில் லோடு அடித்தார். கால் இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. ஒன்று மட்டும் உறுதியாக முடிவெடுத்திருந்தார்: இனிமேல் அர்த்தம் தெரியாமல் எந்தப் பாட்டையும் வைப்பதில்லை.

இருபது நாள் கழித்துப் பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்பிய கீதாஞ்சலியைப் போளூரில் கொண்டுவிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, போனில் வேறொரு இந்திப் பாட்டைப் போட்டுக் காட்டினார். பொங்கலுக்கு வைக்கலாம் என்று இருப்பதாகவும், அதில் வண்டி கிண்டி ஏதாவது வருகிறதா என்று கேட்டுச் சொல்லும்படியும் பணிவாகக் கேட்டார்.

"அண்ணா, எனக்கு இந்தி தெரியாதே. நான் திருக்கோவிலூரு."

"டெல்லிக்குப் போய்ட்டு வந்தவங்கன்னு சொன்னாங்க?"

"ரெண்டு நாள் மீட்டிங்குக்குப் போனேன். ஹோட்டல் ரூமுக்குள்ளயே இருந்துட்டு வந்துட்டேன்."

புருஷோத்தமன் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அன்றைக்கு மைக்கில் சொன்ன அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"அது சுதாக்கா விழாவுக்கு மொத நாளே எழுதிக் குடுத்தாங்க. நான் படிச்சேன், அவ்ளோதான். ரெண்டு பக்கம் எழுதியிருந்தாங்க அண்ணா. ரெண்டாவது பக்கத்த மட்டும் திருப்பி வாங்கி வெச்சிக்கினாங்க, அடுத்த விழாவுக்கு ஆவும்னு."