ஒரு குறையும் இல்ல

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உங்களிடம் யோசனை கேட்டு, கேட்ட யோசனையை ஒரு பிசிறில்லாமல் நடத்திக்காட்டி, அதன் பலனாக அயல்நாட்டு விமான நிலையத்தில் மானத்தோடு சேர்த்து இடுப்பு பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்ற உங்கள் தங்கை புருஷன் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எங்களைப் பற்றி வழக்கமாக இந்த இடத்தில் எழுத வேண்டிய வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று கீழே தெரியும்.

முதலில் உங்கள் காதுக்கு இனிக்கிற சேதி. உங்கள் திட்டம் பலித்துவிட்டது. உங்கள் தங்கைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பல் செட்டு செய்கிற அந்த இடத்தில் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கச் சம்மதித்து நாளைக் காலையில் கையெழுத்துப் போடுகிறாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் தங்கியிருப்பது ஒற்றை அறை. இதில் ரகசியம் பேச வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டுதான் பேச வேண்டும். தாயும் மகளும் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்காரலாமென்றால் இருப்பது ஒரே நாற்காலி, அதில் என் மகள், அந்த வாலு, பசையைக் கொட்டிவிட்டாள்.

நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "மாப்ள, அவ அங்க நிம்மதியா வேலை பார்க்கணும்னா இங்க நடக்கிற கூத்து அவ காதுக்குப் போகவே கூடாது. உங்களைப் பத்திக் கவலை இல்ல, நீங்க வாயே திறக்க மாட்டீங்க. அந்த வாலுதான் எல்லாத்தையும் போட்டு உடைச்சிடும். என்ன கேட்டாலும் ஒரே பதில்னு பழக்கிடுங்க" என்றீர்கள். கூத்து என்றால் சாதாரணக் கூத்தா? பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருடைய இடது கால் ஷூவையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டது, கண்ணாடி முன்னால் நின்று தன் முன்முடியைத் தானே கத்தரித்துக்கொண்டு எலி கடித்த மாதிரி வந்து நின்றது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போடுகிறேன் என்று தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து மூஞ்சியில் சாத்தியது. இதெல்லாம் போகட்டும். சாயங்காலம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள், அம்மா வருகிற நேரமாம். எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் அசந்து சாய்ந்த பிறகு தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன். இதை உங்கள் தங்கையிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த விமானத்திலேயே கிளம்பி வந்துவிட மாட்டாளா?

அதனால் நீங்கள் செய்துகொடுத்த வாக்கியத்தையே பாடமாக்கினேன். "நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல, நீங்க கவலைப்படாதீங்க." உங்கள் தங்கையின் துப்பட்டாவை நான் தோளில் போட்டுக்கொண்டு, குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கிக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போறியாடி? அப்பா சமைக்கிறாரா? ராத்திரி அழறியா?" என்று கேட்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்பாள். யார் என்ன கேட்டாலும் இதுதான், கடைசிவரை தப்பு இல்லாமல் சொன்னால் லிப்டுக்குள் இருக்கிற சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அமுக்கவிடுகிறேன் என்று ஆசை காட்டினேன். லிப்ட் ரிப்பேர்காரன் மகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு உண்டா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த அபாயப் பொத்தானுக்காக ஏங்குகிறவள். பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு நாளும் கேட்காத பிள்ளை, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது. அதுதான் வினை.

விமானத்தில் பட்ட பாட்டை எழுத இந்தத் தாள் போதாது. தலைக்கு மேலே பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். இவள் அதை அமுக்க, அந்தப் பெண் வர, இவள் "சும்மாதான்" என்று சொல்ல, அந்தப் பெண் போக, மறுபடி அமுக்க. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவருடைய செருப்பு எப்படி நாலு வரிசை தாண்டிப் போனதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்கே ஒரு விமானம் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இறங்கியதும், "இனி என்ன, கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா" என்று நினைத்தேன் பாருங்கள், அந்த வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், வாலுவைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். படத்தில் நெற்றி நிறைய முடி, வாய் நிறையப் பல். எதிரே நிற்பதற்கு முன்முடியும் இல்லை, முன்பல் இரண்டும் இல்லை. அம்மா கூட இல்லாமல் ஒரு ஆள் பெண் பிள்ளையைக் கூட்டிவருகிறான் என்றதும் அவருக்கு முகம் மாறியது. எங்களை ஓரமாக நிற்கவைத்து, விமான நிறுவனத்தில் வேலை செய்கிற, நம் பாஷை தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். நல்ல பெண்தான். குனிந்து சிரித்தபடி கேட்டாள்.

"பாப்பா, இவர் யாரும்மா?"

வாலு கையைக் கட்டிக்கொண்டாள்.

"நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல, நீங்க கவலைப்படாதீங்க."

"அது சரி கண்ணு. இவர் உனக்கு என்ன வேணும்?"

"நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல..."

"உங்க அம்மா எங்க இருக்காங்க? இவர் உன்னை அடிப்பாரா?"

எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே ராகம். "ஏய், அப்பான்னு சொல்லுடி!" என்று நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, சோதனை வைக்கிறேன் என்று புரிந்துகொண்டு கண்ணடித்தாள் மச்சான்! அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. அதிகாரி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் மெதுவாகக் கேட்டாள், "இப்படிச் சொல்லணும்னு உனக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதச் சொல்ல மாட்டேனே! சொன்னா சிவப்பு பட்டன அமுக்க விட மாட்டாரு."

அந்தப் பெண் இதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தாள். ஒரு விமான நிலையத்தில், சீருடை போட்டவருக்கு முன்னால், சிவப்புப் பொத்தான்! அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது. எங்கிருந்துதான் வந்தார்களோ, இரண்டு தடியர்கள் எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வாலுவை ஒரு கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார்கள், என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று, பெட்டியைத் திற. திறந்தார்கள். உங்கள் தங்கைக்கென்று நான் அடுக்கிவைத்த துணிக்கெல்லாம் மேலே, ஒரு வாரமாக நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்த டிவி ரிமோட் கிடந்தது. மூலையில், பளிச்சென்று, சிவப்புப் பொத்தான்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டிவி, டிவி" என்கிறேன். "லிப்ட், லிப்ட்" என்கிறேன். ஒரு கையால் மேலே கீழே காட்டுகிறேன், இன்னொரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, வந்துட்டேன்" என்று சொல்லியே பிழைக்கிறவன் நான். எனக்கு அப்படிச் சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை. அடுத்த விமானத்தில் எங்களைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். மச்சான், எனக்கு உயிரே போய்விட்டது. என்னை விடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவைத் தொடாத பிள்ளை, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கும்போது முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போவதா? அதுவும் அவள் அம்மாவுக்காகக் கற்றுக்கொண்ட ஒரு வாக்கியத்தால்? "அவங்க அம்மா வெளியதாங்க நிக்குறா, கூப்பிட்டுக் கேளுங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சினேன். நல்லவேளை, கேட்டார்கள்.

கதவு திறந்து உங்கள் தங்கை ஓடிவந்தாள். இளைத்துப்போயிருந்தாள். கண்ணாடிக்குள் மகளைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போனவளை அதிகாரி தடுத்து, முதலில் பேசச் சொன்னார். இவள் அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, "தங்கம், எப்படிடி இருக்க?" என்றாள்.

வாலுவின் உதடு துடித்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு எட்டு எடுத்துவைத்தாள், நின்றாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல, நீங்க கவலைப்படாதீங்க."

பெற்ற தாயை "நீங்க" என்கிறாள். உங்கள் தங்கையின் நீட்டிய கை நடுவிலேயே நின்றது. முகம் ஒரு மாதிரி ஆனது. நிம்மதி என்றுதான் நினைக்கிறேன். வேறென்னவாக இருக்க முடியும்? தொழில் புத்தி போகுமா, "வாயத் திற" என்றாள். ஈறைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் நெற்றியைத் தடவினாள். அப்புறம் எழுந்து கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பினாள். "பல்லு விழுந்தத ஏன் எங்கிட்ட சொல்லல? யாரு இந்த முடிய வெட்டினது? நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க வீட்ல? பேன்ட்ட ஏன் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" அந்தப் பெண் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதிகாரி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார். அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது.

வண்டியில் வரும்போது வாலு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. உங்கள் தங்கையும் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆக, ரகசியம் காப்பாற்றப்பட்டது. நாளை கையெழுத்து. இன்னும் இரண்டு வருடம் நானும் வாலுவும் சமாளித்துக்கொள்வோம். ஆனா மச்சான், உண்மையச் சொல்லட்டுமா... வேண்டாம், விடுங்க. நீங்க எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பீங்க.

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. பெரியவர் உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும், குறிப்பாக இந்த அறையின் ஜன்னல் கண்ணாடிக்கும் தேவை. வேளைக்குச் சாப்பிடவும். மூட்டுவலித் தைலத்தை மறக்காமல் தேய்க்கவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தங்கை புருஷன்

பி.கு: இந்தக் கடிதத்தை அனுப்புவதற்குள் விடிந்துவிட்டது. உங்கள் தங்கை கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டாளாம். நான் வாயைத் திறக்கவில்லை மச்சான், வாலுவும் திறக்கவில்லை. "அந்தப் பிள்ள வாயால அதக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அது எங்க அண்ணன் வாக்கியம். அவரு போன்ல அழாம எப்படிப் பேசணும்னு எனக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தாரு. உங்ககிட்ட நான் தினமும் சொன்னது வேற என்னவாம்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். 'நாங்க'ளுக்குப் பதில் 'நான்', மற்றபடி அப்படியே அதேதான். ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வாக்கியத்தை மாற்றி மாற்றி ஒப்பித்துவிட்டு, போனை வைத்துவிட்டு, இவள் இங்கே அந்த ஒற்றை நாற்காலியிலும் நான் அங்கே மாடிப்படியிலும் உட்கார்ந்து அழுதிருக்கிறோம். கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல கோபம். உங்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், உங்கள் தங்கைதான் தடுத்தாள். "அண்ணி காலமானதுக்கு அப்புறம் அவ்ளோ பெரிய வீட்ல ஒத்தையா இருக்காரு. எப்பப் போன் பண்ணி எப்படி இருக்கீங்கண்ணான்னு கேட்டாலும், நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல, நீ கவலைப்படாதம்மாங்கிறாரு. அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள். மாதக் கடைசியில் மூன்று பேராக வருகிறோம். எங்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே உங்கள் வீட்டுக்குத்தான், கொஞ்ச நாள் அங்கேதான். உடைகிற சாமான்களையெல்லாம் இப்போதே எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.