நகப்பூச்சுக் கோடு

இந்த வருஷ மான் வேட்டைக்குள் புதுத் துப்பாக்கி வாங்கியே தீருவது என்று டெல்மர் சங்கல்பம் செய்துகொண்டார். குறுக்கே நின்றது பழைய துப்பாக்கி. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. முப்பத்தெட்டு வருஷமாகப் பென்சில்வேனியாக் காட்டில் மானைத் தவறவிட்டது டெல்மர்தான், அது அல்ல. அதற்கு ஒரு நோய் கற்பித்தால்தான் மனைவி லவோன் வழிக்கு வருவாள்.

அவளை நிலவறைக்கு அழைத்தார். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில், கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டை வரை ஒரு குட்டிப் பிஸ்டல் கூட்டைக் குல்லாய்போல் மாட்டி, வெர்னியரால் அளந்தார். மறுபடி மருந்து நிரப்புவதற்காகத் திருகு அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த கூட்டையும் அப்படியே அளந்தார்.

"பாத்தியா? ஆயிரத்துல பதினெட்டுப் பங்கு இன்ச் வித்தியாசம்! சுடறப்போ கூடு அவ்வளவு நீளுது. துப்பாக்கி தொளதொளத்துப் போச்சு. ஒருநாள் கூடு அறுந்து மூஞ்சில அடிக்கும்!"

"ஐயையோ! அப்பா துப்பாக்கியா?"

"காலம் யாரை விட்டுது, லவோன்?"

"சரி, அந்த செல்லோ டேப்பை எடுங்க."

அந்த அச்சில் படாத, கடையில் வாங்கிய புதுக் காலிக் கூட்டின் அடியில் அவள் ஒரு துண்டு ஒட்டினாள். துப்பாக்கிக்குள் போட்டாள். பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் இறுக்கமாக மூடியது. இன்னொரு துண்டு ஒட்டினாள். மூட மறுத்தது.

"ரெண்டு டேப் நுழைய இடமில்ல. இதுவா தொளதொள?"

பிறகு அச்சின் பக்கம் குனிந்தாள். அச்சிலும் அதைத் தாங்கும் இரும்பிலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு. கல்யாணமான முதல் குளிர்காலத்தில், அளவு பிசகாமலிருக்க அவள் தன் நகப்பூச்சால் இழுத்தது. அது காயும்வரை இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஊதினார்கள். அந்தக் குளிரை நினைத்தால் டெல்மருக்கு இன்றும் இனிக்கும். ஆனால் நேற்று அச்சைத் திருகியபோது மட்டும் நினைவு வரவில்லை. இப்போது கோடு இரண்டாகப் பிரிந்து, கால் சுற்றுத் தள்ளி நின்றது; அச்சு அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

"கூட்டோட தோளை நீங்களே அமுக்கிட்டு, பழியை எங்கப்பா மேல போடுறீங்களா?"

"கை தவறி..."

"ஸ்பானரை எடுத்துக்கிட்டா தவறிச்சு?"

டெல்மர் மாடிப்படியைப் பார்த்தார். "அப்போ ஆபத்து ஒண்ணும் இல்லேங்கறியா?"

"யார் சொன்னா? உங்க கையில இருந்தா ஆபத்துதான். இனிமே நீங்க தொடாதீங்க."

வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை. ஊரில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. லவோன் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவின் துப்பாக்கியோடு கிளம்பினாள். பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

"ஒரே குண்டுங்க. கொம்புல எட்டுக் கிளை!"

எட்டுக் கிளைக் கொம்பை டெல்மர் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார்.

"அப்புறம், நான் வர்றதுக்குள்ள வெங்காயம் நறுக்கி வைங்க. கத்தி பத்திரம், உங்க கை தவறும்."