கதவிடுக்கில் ஒரு நீல ஒயர்

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மீன்கள் உட்பட நாங்கள் அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் பரிசாக அனுப்பிய வைஃபை பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே, யார் பக்கமும் சாயாமல், ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பா உங்களைப் பற்றிச் சொன்னதும் அப்படியே வரும். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டி மிக அழகு. கூடத்து மூலையில் கொம்புகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் கூடத்தில்தான் படுப்பதால், அதன் பச்சை விளக்கு சிமிட்டும்போதெல்லாம் வீடு மூச்சுவிடுவது போலத் தோன்றும். அதன் அலைகள் நம் உடம்புக்குள்ளும் புகுந்து போகும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட என் விலா எலும்புகளுக்கு நடுவே யாருடைய செய்தியோ மெல்ல நீந்திப் போவதாக நினைத்துக்கொள்கிறேன். "கரண்டியை வாயில வச்சுக்கிட்டே தூங்குறியா?" என்று அம்மா கேட்கிறாள்.

என் விலாவுக்குள் புகுந்த அலை அக்காவின் அறைக்குள் மட்டும் புகவில்லை, மாமா. படிப்பு முடித்ததிலிருந்து அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட மட்டும் வெளியே வருவாள், எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். கடைசியில் கடலோரத்து வானிலை அலுவலகம் ஒன்றிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், கணினி வழியாக. மேகங்களைக் கவனிக்கிற வேலை. நடுவில் இணைப்பு அறுந்தால் வேலையும் அறுந்த மாதிரிதான். ஒத்திகைக்காக ஒரு தோழியிடம் பேசிப் பார்த்தாள். தோழி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள், அக்கா அழுதாள். இணைப்புக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "சுவரும் தடிப்பு, நடுவுல இவ்வளவு பெரிய மீன் தொட்டி வேற. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டு அந்த மீன்கள் ஒன்றும் தெரியாதது போல வாயை அசைப்பதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டியை எடுத்துருங்க. எங்க அண்ணன் ஆசையா அனுப்பின பெட்டி" என்றாள் அம்மா.

"மீன் என்ன பாவம் பண்ணிச்சு? உங்க அண்ணன் அனுப்புறதெல்லாம் பாக்கத்தான் ஜோரா இருக்கும். போன தடவை ஒரு குடை அனுப்பினாரே, மழை பெஞ்சா மட்டும் விரியாது. அவ கம்ப்யூட்டருக்கு நேரா ஒயர் போடலாம். லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவன் நான், கம்பியில தொங்காத எதையும் நம்பமாட்டேன்."

"சூரியன் எந்தக் கம்பியில தொங்குது?"

அப்பா மீன்களுக்குத் தீனி போட்டார். பிறகு கடைக்குப் போய் நீல ஒயர் வாங்கி வந்தார்.

கூடத்து மூலையிலிருந்து தொட்டிக்குப் பின்னால், நடைவழியோரமாக, முட்டிபோட்டுக்கொண்டே கிளிப் கிளிப்பாக ஒட்டினார். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் ஒயர் அக்காவின் கதவு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. "மூடினா நசுங்கிரும், ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்" என்றார். "நீங்க எல்லாரும் எட்டிப் பார்ப்பீங்க" என்றாள் அக்கா. "நாங்க ஏன்மா பாக்கப்போறோம்?" என்று அப்பா சொன்னபோதே அவர் கண் இடுக்கில்தான் இருந்தது.

இன்று நேர்காணல். அம்மா மிக்சியைப் போடவில்லை. அப்பா வேலையிடத்திலிருந்து "பழுது பார்க்கப்படுகிறது, ஏறாதீர்" என்ற பலகையைக் கொண்டுவந்து நடைவழியில் மாட்டிவிட்டு ஒயருக்குக் காவல் நின்றார். அவருக்குத் தெரியாமல் அம்மா உங்கள் பெட்டியின் கொம்புகளை அக்காவின் அறைப்பக்கம் திருப்பி, காய்ச்சல் பார்ப்பது போல அதன்மேல் கை வைத்துக்கொண்டாள். நான் இடுக்கருகே தரையில் உட்கார்ந்தேன். அக்கா காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"வீட்டை விட்டு இருந்துருவேன். கஷ்டமாத்தான் இருக்கும். எங்க அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் கையில கிரீஸோட முதல்ல மீனைத்தான் விசாரிப்பார், அப்புறந்தான் எங்களை. எங்க அம்மா கோபமா இருந்தா பாட்டு முணுமுணுப்பாங்க, சந்தோஷமா இருந்தா திட்டுவாங்க. அங்க யாரு என்னைத் திட்டுவாங்கன்னு தெரியல. ஒரு தங்கச்சி இருக்கா. நடந்துக்கிட்டே கனவு காணுவா. ரோட்டைத் தாண்டும்போது யாராவது அவ கையைப் பிடிச்சுக்கணும்."

வானிலை அலுவலகத்தில் இதையெல்லாம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது, மாமா. தொட்டியின் வெளிச்சம் நடைவழிக் கூரையில் அலையலையாக ஆடியது. வீடு முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலவும், நாங்கள் மூவரும் அசையாமல் மிதப்பது போலவும் இருந்தது. அம்மா முணுமுணுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

அக்கா வெளியே வந்தாள். "கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் கிளம்பணும்."

"பாத்தியா, ஒயர்!" என்றார் அப்பா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டே.

"அந்த ஒயரோட இன்னொரு முனை எங்க அண்ணன் பெட்டியிலதானே சொருகியிருக்கு!" என்றாள் அம்மா.

இரண்டையும் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். என் முடிவு: வீட்டுக்கு இரண்டுமே தேவை. அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கும், இந்த முறை அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: படுக்கையோரம் வந்து உட்கார்ந்த அக்கா இதைப் படித்துவிட்டாள். "நேர்காணல் நேத்தே முடிஞ்சிருச்சுடி. திடீர்னு ஒரு நாள் முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. நூலகப் படிக்கட்டில உக்காந்து போன்லயே பேசினேன். அப்பவே வேலையும் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்தா அப்பா முட்டிபோட்டு கடைசி கிளிப்பை ஒட்டிக்கிட்டு இருக்கார். எப்படிடி சொல்றது?" என்றாள். அப்படியென்றால் இன்று யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். "திரையில யாருமே இல்ல. உங்ககிட்ட நேரா சொல்ல வாய் வரல. கதவு திறந்திருந்துச்சு, சொல்லிட்டேன்." மாமாவுக்கு இதை எழுதலாமா என்றேன். "அவருக்கு மட்டும் எழுது. தன் பெட்டிக்கு இதுல பங்கு இல்லைன்னு அவர் யார்கிட்டயும் சொல்லமாட்டார்" என்றாள். மேலே இருப்பதை அடித்துத் திருத்தலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், அக்கா விளக்கை அணைத்துவிட்டாள். இந்தப் பின்குறிப்பை மட்டும் உங்கள் பெட்டியின் பச்சை வெளிச்சத்தில் எழுதுகிறேன்.